வைகாசியில் முளைக்கிறவள்

புன்னைக்கோணத்து நர்சரிக்காரர் ராபின்சனின் மனைவி புஷ்பலீலா பங்குனி வெயிலில் எலிக்காய்ச்சல் கண்டு செத்துப்போனாள், வைகாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் அடுக்களைக்குப் பின்னால் அவளைப் புதைத்த இடத்திலேயே முளைத்து வந்தாள். ஊர் இதை இப்படித்தான் சொல்லும், இரண்டையும் ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல்.

குலசேகரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, இஞ்சி வகைச் செடிகளை மட்டும் வளர்த்து விற்கிற நர்சரி அது. சாயங்காலம் ஆனால் வெள்ளை வெளேரென்று விரிந்து ஒரு தெருவையே மணக்க வைக்கிற இஞ்சிப்பூ, தரையிலிருந்து தீவெட்டி போலச் சிவந்து எழுகிற டார்ச் ஜிஞ்சர், சரம்சரமாகப் பூ தொங்கும் அரத்தை, கீறினால் பச்சை மாங்காய் மணக்கும் மாங்காய் இஞ்சி, மண்ணோடு ஒட்டி இரண்டே இலை விரித்துப் படுத்திருக்கும் கச்சோலம் என்று அந்த அரை ஏக்கரில் காற்று எப்போதும் கனமாகவே இருக்கும். செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் ராபின்சனின் வேலை. கிழங்கு வெட்டுவது புஷ்பலீலாவின் வேலை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி பார்த்துப் பார்த்து வெட்டி, வெட்டுவாயில் சாம்பல் தேய்த்து நிழலில் பரப்பி வைப்பாள். சாகும்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. மகள் பெனிஷா அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அந்தப் பக்கத்தில் செத்தவர்களைச் சொந்த மண்ணிலேயே புதைப்பதுதான் வழக்கம். மண் அமர ஒரு வருஷம் ஆகும், அதற்குப் பிறகுதான் கல்லறை கட்டலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டதால், வெறும் மேடாகக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் ராபின்சன் அதில் வெள்ளை இஞ்சிப்பூக் கிழங்கை ஊன்றி சருகால் மூடாக்குப் போட்டார். மழை வந்தது. முளைகள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. ஒரு முளை மட்டும் மனிதக் கை கனத்தில் இருந்தது. ராபின்சன் கோழிகளை விரட்டி, அதற்கு ஓலை சாய்த்து வைத்தார். அது நாளுக்கு நாள் உயர்ந்தது, சுருண்டிருந்த இலைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன, கடைசி இலை அவிழ்ந்த காலையில் அதற்குள்ளே புஷ்பலீலா கூந்தலெல்லாம் மண்ணோடு, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இப்படிப் பாக்குதிய?" என்றாள். "பிள்ள பள்ளிக்கூடம் போயாச்சா?"

"இன்னைக்கு ஞாயிறாக்கும்," என்றார் ராபின்சன்.

"அப்ப ஒரு கட்டஞ்சாயா போடுங்க. குளிருது."

அவர் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். தீப்பெட்டியில் பாதி தீர்ந்த பிறகுதான் அடுப்பு பற்றியது. சாயாவில் சீனி போட மறந்துபோனார். அவள் அதைக் குறை சொல்லாமல் குடித்தாள்.

பக்கத்து வீட்டு கிறிஸ்டல்தான் அவளை முதலில் வந்து பார்த்தவள். புஷ்பலீலாவின் சேலைகளைச் சாவு முடிந்ததும் வழக்கப்படி எடுத்துப் போயிருந்தவள், இரண்டைத் தோய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். மூன்றாவதைக் கட்டிக் கிழித்துவிட்டதாகப் பிறகு சொன்னாள். கிராம அலுவலர், செத்ததாகப் பதிந்ததை அழிக்க முடியாது, ஆனால் ரேஷன் சாமான் வாங்க வந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்றார். சபைப் போதகர் ஒரு வாரம் வேதத்தைப் புரட்டிவிட்டு, உயிர்த்தெழுதல் என்றால் அது ஒரே தரம்தான், இது அதுவல்ல, ஆனால் அந்தப் பெண்ணை ஆராதனைக்கு வரவேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்று மேடையிலேயே சொல்லி முடித்தார். பெண்கள் சங்கத்தில் அவள் வழக்கமாக உட்காரும் பாயின் ஓரம் அவளுக்காகக் காலியாக விடப்பட்டது. பகலெல்லாம் அவள் மேல் மழைமண் வாசம் அடிக்கும், விளக்கு வைக்கிற நேரமானால் இஞ்சிப்பூ மணக்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோது பெனிஷா, "எங்க அம்மா செடியாக்கும்," என்று ஒரே வரியில் சொன்னாள். அவர்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இப்படி ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. கார்த்திகையில் அவளுக்குப் பசி குறைந்தது. மார்கழியில் முடியின் நுனி வைக்கோல் நிறமானது, விரல்கள் மஞ்சளித்தன, உட்கார்ந்த இடத்தில் உறங்கினாள். ஊரில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவள் தானாக எழுந்து அடுக்களைப் பின்புறம் போனாள்.

"கேட்டியளா," என்று கணவரைக் கூப்பிட்டாள். "கெடக்கப்போறேன். இந்த இடத்துல தண்ணி விழாமப் பாத்துக்கிடுங்க. உறக்கத்துல ஈரம் பட்டா அழுகிப்போவும்."

கோடை முழுவதும் அவர் அதைப் பார்த்துக்கொண்டார். கோடைமழைக்குத் தகரம் போட்டு மூடினார். துக்கம் தாங்காமல் அங்கே போய் நிற்கும்போதுகூட இரண்டு எட்டு தள்ளியே நிற்பார், கண் கலங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவார். பெனிஷாவும் அப்படியே பழகினாள். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் மழை வந்தது. அவள் வந்தாள். மறு வருஷமும் வந்தாள்.

அதன் பிறகு புன்னைக்கோணத்தில் கல்லறை கட்டுவது நின்றுபோனது. ஒவ்வொருவரும் தங்கள் மேட்டில் வெள்ளை இஞ்சிப்பூ ஊன்றினார்கள். பைக் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ரப்பர் பால்வெட்டுக்காரர் சுயம்பு, மகன் கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு பாத்தியே போட்டார். எல்லார் வீட்டிலும் செடி வந்தது, பூ வந்தது, ஆள் வரவில்லை. அந்தச் சாயங்காலங்களில் ஊர் முழுவதும் ஒரே மணமாக மணக்கும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் காத்து உட்கார்ந்திருப்பார். சுயம்பு ஒருநாள் பூவெல்லாம் அறுத்து எடுத்துக்கொண்டு வந்து புஷ்பலீலாவின் முன்னால் வைத்தார்.

"அங்க எனக்க பயலப் பாத்தியாம்மா? நீலச் சட்டை போட்டிருப்பான்."

அவள் நெடுநேரம் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இருட்டாக்கும் அண்ணே," என்றாள். "ஒண்ணும் தெரியாது. ஈரம் வருதா இல்லியாண்ணு மட்டும் தெரியும்."

சுயம்பு தலையாட்டினார். பூவை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

இஞ்சி நட்ட இடத்தில் நிற்காது. அது நர்சரி வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். முன்பக்கம் புதுக்கண் விட்டுப் போய்க்கொண்டே இருக்கும், பின்பக்கம் பழைய கிழங்கு சுருங்கி மக்கிக்கொண்டே வரும். புஷ்பலீலாவும் அப்படித்தான், ஒரு வருஷம் தென்னையடியில் வந்தாள், பிறகு துவைகல் பக்கம் வந்தாள், பிறகு பலாவின் நிழலில் வந்தாள். நிலம் சரிந்து சானலை, அந்தப் பாசனக் கால்வாயை, நோக்கி இறங்குகிற பக்கமாகவே போனாள். ராபின்சனுக்கு அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மழைக்கு முன்னால் மகளும் அவருமாக, "இந்த வருஷம் எங்க?" என்று குச்சி நட்டுப் பந்தயம் கட்டுவார்கள். வந்தவளுக்கு வயது மட்டும் ஏறவில்லை. அவருக்குக் காதோரம் நரைத்தது, பெனிஷா பாவாடையிலிருந்து தாவணிக்கும் சுடிதாருக்கும் மாறினாள். புஷ்பலீலா ஒவ்வொரு மழைக்கும் அதே இருபத்தொன்பதில் வந்தாள்.

ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "எனக்க அம்மைக்க பேரு என்ன? நாக்குல நிக்குது, வரமாட்டங்குது."

ராபின்சன் சொன்னார். அவள், "அப்படியா," என்று கழுவுவதைத் தொடர்ந்தாள். அடுத்த வருஷம் அவள் படித்த பள்ளிக்கூடம் போயிற்று. அதற்கடுத்த வருஷம், தங்கள் கல்யாணத்தன்று பெய்த மழையில் பந்தல் சரிந்து பாயசத்தில் விழுந்த கதையை அவர் சொன்னபோது, வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்தைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு, "நல்ல தமாசாத்தான் இருந்திருக்கு," என்றாள். அன்று அவர் சாப்பிடவில்லை. பழையதிலிருந்து மக்கிக்கொண்டு வருகிறது, அம்மா போனாள், பள்ளி போயிற்று, கல்யாணம் போயிற்று, அடுத்தது எது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அடுத்தது பெனிஷா பிறந்த நினைவு.

அந்தக் கோடையில் கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்டு உறை ஒன்றை ஆட்களை வைத்து உருட்டிவந்து, அவள் கிடந்த இடத்தைச் சுற்றி, முன்னால் நகரவிடாமல், மண்ணுக்குள் இறக்கினார்.

பெனிஷா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றவள், ஆட்கள் போன பிறகு பேசினாள். "அப்பா, சின்னச் சட்டியில அடச்சா கிழங்கு என்னாவும்ணு நீங்கதான வாறவங்களுக்கெல்லாம் சொல்லுதிய?"

"ஒன்னைய மறந்திருவா, பிள்ளே."

"மறக்கட்டு."

"ஒனக்குத் தெரியாது."

"எனக்குத்தான் தெரியும். என்னையத்தான மறக்கப்போறாவ." அவள் உறையின் விளிம்பைப் பிடித்தாள். "மறந்தா நான் சொல்லிக்குடுத்துக்கிடுவேன். இத எடுங்க அப்பா."

அவர் எடுக்கவில்லை. வைகாசி மழை வந்தது, ஆனி வந்தது, மற்ற செடியெல்லாம் ஆளுயரம் நின்றன, உறைக்குள் மட்டும் மண் விம்மி விரிசல் விட்டுக் கிடந்தது. ஆடியில்தான் அவள் வந்தாள். தோளிலும் கன்னத்திலும் சிமெண்டின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. கால் விரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருந்தன. ஆனால் கண்ணைத் திறந்ததும், "பெனிஷா பிறந்தன்னைக்கும் இப்படித்தான் மழை," என்றாள். அந்த ஒரு வருஷம் அவள் எதையும் மறக்காமல் வந்திருந்தாள்.

ராபின்சன் அவளைத் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தேய்த்துவிட்டார்.

"மூச்சு முட்டிச்சு," என்றாள் மெதுவாக. "எந்தப் பக்கம் திரும்புனாலும் சுவரு. யாரு வச்சது?"

"நான்தான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம வச்சிருப்பிய," என்றாள்.

அன்று பகல் முழுவதும் சம்மட்டி சத்தம் கேட்டது. உறையை உடைக்க உதவி வேண்டுமா என்று யாரும் போய்க் கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்குள் அவர் கத்தி அழுதது எல்லாருக்கும் கேட்டது, அதனால் போகவில்லை.

மறு மழையில் அவள் அடைபட்ட தூரத்தையும் சேர்த்து நடந்ததுபோல வேலி தாண்டி வந்தாள். பெனிஷா பிறந்தது அவள் நினைவில் இல்லை. போன வருஷம் கூட இருந்தவர்கள் என்று இருவரையும் தெரிந்தது, நல்லவர்கள் என்று தெரிந்தது, அவ்வளவுதான். பெனிஷா சொன்னபடியே சொல்லிக்கொடுத்தாள். "நான் ஒங்க மோள், இவரு ஒங்க வீட்டுக்காரரு." புஷ்பலீலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிற பெண்ணைத் தான் பெற்றதாகச் சொல்கிறார்களே என்று பயந்து, அந்தப் பயத்தைக் காட்டாமல் சிரித்து, அம்மாக்கள் செய்வதையெல்லாம் நினைத்து நினைத்துச் செய்ய ஆரம்பித்தாள், தலை வாரிவிட்டாள், சோறு பிசைந்து வைத்தாள், செய்யும்போதெல்லாம் சரியாகச் செய்கிறேனா என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாள். சில வருஷம் அப்படிப் போனது. ஒவ்வொரு மழைக்கும் புதிதாகச் சொன்னார்கள், ஒவ்வொரு மழைக்கும் அவள் புதிதாகப் பயந்தாள்.

"இனி சொல்லாண்டாம் அப்பா," என்றாள் பெனிஷா ஒருநாள். "அம்மா பேடிக்குதாவ."

பெனிஷாவின் கல்யாணத்தை ஆவணியில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தை மாதம் கேட்டார்கள், ராபின்சன் ஒத்துக்கொள்ளவில்லை, காரணத்தைக் கேட்ட பிறகு அவர்களும் மறுபேச்சுப் பேசவில்லை. புஷ்பலீலா அந்த வருஷம் சானல் கரையோரம் வந்திருந்தாள். கிறிஸ்டல் போய்க் கூட்டிவந்து பட்டுச்சேலை கட்டிவிட்டாள். சபைக் கோயிலுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்தில் படம் எடுக்கிறவர், "பெண்ணுக்க அம்மா வாங்க," என்று கூப்பிட்டார். கூட்டம் முழுவதும் புஷ்பலீலாவைப் பார்த்தது. அவளும் எல்லாரையும் போலத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வராததைக் கண்டு பெனிஷாவின் பக்கத்தில் வந்து, முக்காட்டைச் சரி செய்து, தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா இல்லியா பிள்ளே?"

பெனிஷா முக்காட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வருத்தப்படாத. நல்ல நாளாக்கும். வேணும்னா நான் நிக்கட்டா, அம்மைக்க இடத்துல?"

"நில்லுங்க," என்றாள் பெனிஷா.

அந்தப் படத்தில் ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ராபின்சன் ஓரத்தில் நிற்கிறார், அவர் பார்ப்பது கேமராவை அல்ல.

அடுத்த மழையில் அவள் சானலுக்கு அந்தப் பக்கம், ஒரு வாழைத்தோட்டத்தில் வந்தாள். ஓடுகிற தண்ணீருக்கு அடியில் எப்படிக் கடந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. வாழைத்தோட்டத்தார் நல்ல மாதிரி, புறவீட்டில் தங்க இடம் கொடுத்தார்கள், அவளும் அவர்கள் வேலிக்கு இஞ்சிச்செடி வெட்டி வைத்துக்கொண்டு இருந்தாள். புன்னைக்கோணம் அவள் நினைவிலிருந்து போயிற்று. ராபின்சன் தினமும் சாயங்காலம் நடைபாலம் கடந்து போவார், கையில் ஏதாவதொரு செடி இருக்கும், வரப்பில் உட்கார்ந்து இஞ்சி வகைகளைப் பற்றிப் பேசுவார். நரைத்த தலையைப் பார்த்து அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டாள். முதல் தரம் அதைக் கேட்ட அன்று அவர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தார். பிறகு பழகிக்கொண்டார்.

"ஒங்களுக்கு வீட்டுல யாரெல்லாம் உண்டு அண்ணே?"

"ஒரு மோள். கெட்டிக் குடுத்தாச்சு."

"வீட்டுக்காரி?"

"தூரத்துல இருக்கா."

"வரமாட்டாவளா?"

"மழைக்கு வருவா," என்றார் ராபின்சன்.

"அப்ப நல்லதுதான்," என்றாள் அவள். அவருக்காக உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள்.

அவள் உறங்கிக் கிடந்த ஒரு மாசி மாதத்தில் ராபின்சன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே விழுந்து செத்துப்போனார். அடுக்களைக்குப் பின்னால் புதைத்தார்கள். புன்னைக்கோணத்தில் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் வைகாசிக் கடைசியில் மழை விழுந்த காலையில் ஒவ்வொருவராக அந்த வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்டல் வந்தாள், தடி ஊன்றிக்கொண்டு சுயம்பு வந்தார், போதகர் குடையோடு வந்தார். பெனிஷா கணவன் வீட்டிலிருந்து வந்து தங்கியிருந்தாள். மேட்டில் நட்ட இஞ்சிப்பூ முளைத்தது. எல்லா முளையும் விரல் கனத்திலேயே இருந்தன. ஆனி முழுவதும் பார்த்தார்கள். இலை வந்தது, பூ வந்தது, சுற்றிலும் புல் வந்தது. சுயம்பு பெனிஷாவின் தலையில் கை வைத்து, "வீட்டுக்குப் போ மக்கா," என்றார்.

அவள் வீட்டுக்குப் போகாமல் பாலத்தைக் கடந்து போனாள். புஷ்பலீலா அந்த வருஷம் வாழைத்தோட்டத்தின் மேல்கோடியில் வந்திருந்தாள். புறவீட்டுப் படியில் உட்கார்ந்து கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தவள், ஏறி வருகிறவளைப் பார்த்ததும் சாம்பல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெனிஷாவுக்கு முப்பது தாண்டியிருந்தது, உடம்பு பெருத்திருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்க அக்கா. யாரத் தேடுதிய?"

பெனிஷா படியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. "சாயங்காலம் செடி கொண்டுட்டு ஒருத்தரு வருவாருல்லா," என்றாள்.

"ஆமா, நர்சரிக்கார அண்ணன். மழை தொடங்கி இத்தன நாளாச்சு, இன்னும் காணல்லியேண்ணு நெனச்சேன். சொகந்தானா?"

"மாசியில இறந்துபோனாரு."

புஷ்பலீலா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அய்யோ," என்றாள். "நல்ல மனுசன். எனக்கிட்ட ஒருநாளும் முகம் கறுத்துப் பேசுனதில்ல. அவருக்க வீட்டுக்காரி மழைக்கு வருவாண்ணு சொல்லிட்டிருந்தாரு. வந்தாவளா?"

"வந்தாவ."

"தெரியுமா அவியளுக்கு?"

"இல்ல," என்றாள் பெனிஷா. அதைச் சொல்லும்போது அவளுக்கு வாய் கோணியது.

புஷ்பலீலா குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அந்த மோளாக்கும், இல்லியா? கெட்டிக் குடுத்தேன்னு சொன்ன மோள்."

பெனிஷா தலையை ஆட்டினாள். அதற்கு மேல் அவளால் உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. புஷ்பலீலா பக்கத்தில் உட்கார்ந்து, தெரியாத ஒரு வீட்டுத் துக்கத்துக்கு யாரும் செய்வதுபோல, அவள் தோளைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வெயில் இறங்கி மணம் எழத் தொடங்கியிருந்தது. பெனிஷா அந்தச் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு தரம் அம்மா என்றாள். அழுகிறவர்கள் எல்லாரும் அப்படிச் சொல்வதுதானே என்று புஷ்பலீலா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அழுங்க அக்கா," என்று முடியைக் கோதிவிட்டுக்கொண்டே சொன்னாள். "மெல்லப் போனாப் போதும். எனக்கு இங்க வேற ஒரு சோலியும் இல்ல."